அறுநூற்றுப் பத்து நிட்ஸ்

கீழே மீன்தலைக் கறி கொதிக்கும்போது மேலே மாடிப்படி ஏறச் சொல்வது கொடுமை. அதுவும் லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில், மதியம் இரண்டு மணிக்கு, இன்னும் சாப்பிடாத வயிற்றோடு. அற்புதராஜ் ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு மூச்சு வாசனை பிடித்தான்.

"பதினேழு படிதான். நீ நின்னு நின்னு எண்ணுறியா?" என்றார் முன்னால் போன சம்சுன்னிசா, திரும்பிப் பார்க்காமலே.

"எண்ணல சம்சுக்கா. கறிகிட்ட சொல்லிட்டு வரேன்."

சம்சுன்னிசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, வழுக்கி விழுந்ததாகச் சொன்னவர்களில் நிஜமாக விழுந்தது யார் என்று பிரித்துக்கொண்டிருந்தவர். இப்போது லைசென்ஸ் வாங்கிய தனியார் துப்பறிவாளர். தேக்கா சந்தைக்கு எதிரே ஒற்றை அறை அலுவலகம், அதில் ஒரே ஒரு உதவியாளர். அந்த உதவியாளர்தான் நம் அற்புதராஜ். பன்னிரண்டு வருஷம் டாக்ஸி ஓட்டியவன். எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று அவனுக்கு அத்துப்படி. எந்தப் பேச்சில் நுழைந்தால் வெளியே வரவே முடியாது என்பதை மட்டும் அவன் கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை.

மாடியில் கதவைத் திறந்தவர் ரகுபதி. அறுபது வயது, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, சட்டைப் பையில் நான்கு பேனா. டிவி, மானிட்டர், விளம்பரத் திரை என்று எது வந்தாலும் அதன் வெளிச்சத்தை அளந்து அறிக்கை கொடுக்கும் சின்ன நிறுவனம் அவருடையது. மொத்தம் நாலு பேர் வேலை.

உள்ளே போனதும் அற்புதராஜின் கண்ணில் முதலில் பட்டது பொட்டுதான். கதவு நிலையில் சந்தனம் குங்குமம். பிரிண்டரில் சந்தனம் குங்குமம். தண்ணீர் சுட வைக்கும் கெட்டில், ஏர்கான், நாற்காலி, சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் நெற்றி வந்திருந்தது.

"ஆபீஸே தலைக்குக் குளிச்சிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு சார்" என்றான்.

"போன புதன்கிழமை ஆயுத பூஜை. எல்லாம் என் கையாலயே வெச்சேன்" என்றார் ரகுபதி பெருமையாக. பெருமை ஒரு நொடிதான் இருந்தது. முகம் தொங்கிப் போயிற்று. "அதுக்கு அடுத்த நாளே இப்படி ஒரு கேவலம்."

அவர் கை நீட்டிய பக்கம் ஒரு டிவி இருந்தது. அறுபத்தைந்து அங்குலம், புத்தம் புதுசு, பளபளவென்று துடைத்து வைத்தது. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், மடியில் உள்ளங்கை அளவு கறுப்புக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்டு, அழவில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"அமலா. தூத்துக்குடிப் பொண்ணு. எங்கிட்ட மூணு வருஷமா டெஸ்டிங் இன்ஜினியர்" என்றார் ரகுபதி, அவள் பக்கம் பார்க்காமல்.

விஷயம் இதுதான். டெரன்ஸ் என்பவரின் கம்பெனி இந்த டிவியை இறக்குமதி செய்கிறது. பெட்டியில் ஆயிரத்து ஐந்நூறு நிட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. வியாழனும் வெள்ளியும் அமலா அளந்து, அறுநூற்றுப் பத்துதான் வருகிறது என்று அறிக்கை எழுதிவிட்டாள். டெரன்ஸ் கொதித்துப்போய் நேற்றுத் திங்கட்கிழமை தன் டெக்னீஷியனையும் சொந்த மீட்டரையும் கூட்டிக்கொண்டு இதே அறைக்கு வந்தார். இதே டிவி, இதே மேசை. ஆயிரத்து நானூற்று எண்பது வந்தது.

"நிட்ஸ்னா என்னம்மா? எனக்கு டிவின்னா ஆன், ஆஃப். அவ்வளவுதான்" என்றான் அற்புதராஜ்.

அமலா நிமிர்ந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டதும் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "வெளிச்சத்தோட எடைன்னு வெச்சுக்கங்க அண்ணே. கடைக்காரர் தராசுல கிலோ பார்க்கிற மாதிரி நாங்க இந்த மீட்டர்ல நிட்ஸ் பார்ப்போம். சாதாரணப் படத்துல வெயிலும் வெள்ளைதான், சட்டையும் வெள்ளைதான். எச்டிஆர் படத்துல வெயில் வெயிலா அடிக்கும், சட்டை சட்டையா இருக்கும். அதுக்கு டிவி உச்சத்துல எவ்வளவு வெளிச்சம் விடுதுன்னு அளக்கணும்."

"அதுல குறைச்சுக் காட்டறதுக்கு இவ போட்டிக் கம்பெனிகிட்ட கை நீட்டிட்டான்னு டெரன்ஸ் சொல்றார்" என்றார் ரகுபதி. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இவளை வேலையை விட்டு நிறுத்தி, வேலை பாஸை கேன்சல் பண்றதா லெட்டர். அஞ்சு மணிக்கு டெரன்ஸ் வருவார். அதுக்குள்ள நான் சைன் போடணும். இல்லன்னா இனிமே ஒரு டிவிகூட இங்க அனுப்ப மாட்டாராம். என் வேலையில பாதி அவர்கிட்டேருந்துதான் வருது மேடம்."

"லெட்டர் ரெடியா இருக்கு. அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் சம்சுன்னிசா.

ரகுபதி நான்கு பேனாக்களையும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். "ப்ரூஃப் வேணும். மூணு வருஷமா என் ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு. சும்மா அனுப்ப மனசு வரல."

'மனசாட்சிக்கு ஒரு ரசீது கேக்கிறார்' என்று அற்புதராஜ் நினைத்துக்கொண்டான். நல்ல வேளை, நினைத்ததோடு நின்றது.

சம்சுன்னிசா அமலாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாஸ் கேன்சல் ஆனா ஊருக்குப் போகணும். அதுக்கா அழுதே?"

"ஊருக்குப் போறது பரவாயில்ல மேடம். என் அம்மா அங்கதான் இருக்காங்க." அமலா மீட்டரை இறுக்கிப் பிடித்தாள். "அளக்கிறவ காசு வாங்கினான்னு ஒரு பேச்சு வந்துட்டா, அப்புறம் எந்த ஊர்ல எந்த லேப்ல நான் ஒரு நம்பர் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். ரெண்டு நாள், ஆறு தடவை அளந்தேன். ஆறு தடவையும் அறுநூத்திப் பத்துதான் வந்துச்சு."

"இப்ப அள."

அமலா மீட்டரைத் திரையோடு ஒட்டித் தொங்கவிட்டாள். அறை விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. வீட்டில் யாரும் இருட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லை, அதனால் ஹால் வெளிச்சத்தில்தான் சோதனை என்பது ரகுபதியின் கொள்கை. திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது. சாதாரணப் படத்துக்கு முந்நூற்று இருபது நிட்ஸ். எச்டிஆருக்கு மாற்றினாள். கட்டம் கண்ணைக் கூச வைத்தது. ஆயிரத்து நானூற்று எண்பது.

அமலா எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கே இப்ப என் மேல சந்தேகமா இருக்கு" என்றாள் மெதுவாக. அற்புதராஜுக்கு அவள் மேல் அப்படி ஒரு பரிதாபம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிலைத் தட்டிக் கொடுத்தான்.

சம்சுன்னிசா அவளுடைய அறிக்கையைப் புரட்டினார். "போன வாரம் சாதாரணப் படத்துக்கு எவ்வளவு எழுதியிருக்கே? முந்நூத்தி இருபது. இன்னிக்கும் அதே. எச்டிஆர்ல மட்டும் இடிக்குது. காசு வாங்கினவ பாதிப் பக்கத்துல மட்டும் நேர்மையா இருப்பாளா ரகுபதி சார்?"

ரகுபதி அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அற்புதராஜும் பின்னாலேயே போனான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் ரகுபதி குரலைத் தாழ்த்தி. "சனிக்கிழமை தேக்காவுல என் கண்ணாலயே பார்த்தேன். இவளும் ஈவான்னு ஒரு பொண்ணும் ஒரு பெரிய டிவி பெட்டியைத் தூக்கிட்டுப் போறாங்க. பெட்டி மேல போட்டிக் கம்பெனி பேரு. அந்த ஈவா வேலை பார்க்கிறது பொங்கோல்ல அவங்க ஷோரூம்லதான். அறுநூத்திப் பத்துன்னு எழுதினதுக்கு ஒரு டிவி. வேற என்ன வேணும்?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிடுவா இல்ல?"

"சரி, பொங்கோலுக்குப் போயிட்டு வரோம். இந்த ரிப்போர்ட் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார் சம்சுன்னிசா.

கீழே இறங்கியபோது மீன்தலைக் கறி இன்னும் இருந்தது. சம்சுன்னிசா நிற்கவில்லை.

ரயிலில் லிட்டில் இந்தியாவிலிருந்து பொங்கோல் வரை ஒரே தடம், மாறவே வேண்டாம். அற்புதராஜ் வழியெல்லாம் யோசித்தான். அவன் யோசிப்பது முகத்தில் தெரியும். எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

"சம்சுக்கா, டிவியை லஞ்சமா வாங்குறவ அதைத் தேக்கா வழியா, எல்லாரும் பார்க்கத் தூக்கிட்டுப் போவாளா? நான் வாங்கினா டாக்ஸியில கொண்டு போவேன்."

"நீ வாங்கினா ரசீதும் கேப்பே."

"வாரண்டி வேணாமா லா?"

ஷோரூம் பொங்கோல் பேரங்காடியின் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்க டிவி. ஈவா இருபத்தெட்டு வயது, பேச்சில் வேகம், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. சனிக்கிழமை பெட்டியைப் பற்றிக் கேட்டதும் ஒரு கணம் விழித்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்தப் பெட்டியா? உள்ள ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. காலிப் பெட்டி. எங்க சர்ச்ல கிறிஸ்துமஸ் குடில் போட்டி. இந்தத் தடவை பெத்லகேம் மலை எங்க பாட்டுக் குழு செய்யணும். டிவி பெட்டி அட்டைதான் மலைக்கு நல்லா நிக்கும். நான் இங்கேருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போனேன், அமலா ஒரு பக்கம் பிடிச்சா."

"அக்டோபர்லயே மலையா?" என்றான் அற்புதராஜ்.

"போன வருஷம் நவம்பர்ல ஆரம்பிச்சு மலை பாதிதான் முடிஞ்சது. ஆடு எல்லாம் கீழேயே நின்னுச்சு." போனை எடுத்துக் காட்டினாள். சர்ச் மண்டபத்தில், பழுப்புப் பெயின்ட் அடித்த ஓர் அட்டை மலை. ஓரத்தில் போட்டிக் கம்பெனியின் பெயர் பெயின்ட்டை மீறி எட்டிப் பார்த்தது. மலை உச்சிக்குப் பின்னால் கையில் பிரஷ்ஷோடு அமலா சிரித்துக்கொண்டிருந்தாள். அறையில் பார்த்த பெண்ணா இவள் என்று இருந்தது.

லஞ்சம் போயிற்று. ஆனால் அறுநூற்றுப் பத்து அப்படியே நின்றது. சம்சுன்னிசா ஈவாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்க, அற்புதராஜ் பக்கத்திலிருந்த டிவியைப் பார்த்தான். பார்த்தவன் அசையவில்லை. திரையில் ஒரு டுரியான் பழத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எச்டிஆர் படம். சுளை மஞ்சளாக, எண்ணெய் போட்டதுபோல் மின்னிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒரு கோப்பிதான் வயிற்றில். டிவியின் கீழ் விளிம்பில் நடுவாக ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு, நன்றாக முன்னால் குனிந்தான்.

டுரியான் மங்கத் தொடங்கியது. மூன்று நான்கு விநாடியில் நேற்றைய டுரியான் ஆகிவிட்டது.

"அண்ணே, கையை எடுங்க. கண்ணை மறைக்கிறீங்க" என்றாள் ஈவா.

"யார் கண்ணை?"

"டிவி கண்ணை. அந்தப் புடைப்புல ஒரு சென்சார் இருக்கு. ரூம்ல வெளிச்சம் இருக்கான்னு பார்த்துட்டே இருக்கும். மறைச்சா ராத்திரின்னு நெனச்சுக்கிட்டு டிவி தன் வெளிச்சத்தைக் குறைச்சிடும்."

அற்புதராஜ் கையை எடுத்தான். டுரியான் மறுபடி பழுத்தது. இன்னொரு தடவை வைத்தான், எடுத்தான். சம்சுன்னிசா அருகே வந்து அவன் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அமலாவுக்கு இது தெரியாதா?"

"தெரியும். டெஸ்ட் பண்றவங்க முதல் வேலையா செட்டிங்ஸ்ல அந்தக் கண்ணை ஆஃப் பண்ணிடுவாங்க. ஆனா…" ஈவா நெற்றியைச் சுருக்கினாள். "சில டிவியில ஒரு குசும்பு இருக்கு ஆன்ட்டி. சாதாரணப் படத்துக்கு ஒரு செட்டிங்ஸ் பக்கம், எச்டிஆருக்கு வேற பக்கம். ஒரு பக்கத்துல ஆஃப் பண்ணாலும் எச்டிஆர் வந்ததும் கண் தானா முழிச்சுக்கும். எங்க இதுவும் அப்படித்தான். எனக்கே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது."

"அதான் பாதிப் பக்கம் நேர்மை" என்றார் சம்சுன்னிசா. அற்புதராஜின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "உன் பசிக்கு இன்னிக்கு ஒரு சம்பளம் கொடுக்கணும்டா."

"சம்பளம் வேணாம். சாப்பாடு கொடுங்க."

திரும்பும் ரயிலில் மணி நான்கு. சம்சுன்னிசா அறிக்கையில் இருந்த ஒரு புகைப்படத்தை அவனிடம் நீட்டினார். வியாழக்கிழமை அளந்தபோது அமலா எடுத்தது. "இதுல என்ன தெரியுது?"

அற்புதராஜ் கூர்ந்து பார்த்தான். "டிவி. மீட்டர். ஒயர். கண்ணை மறைக்கிற மாதிரி கையோ துணியோ ஒண்ணும் இல்லையே அக்கா."

"நல்லா பாரு."

பார்த்தான். செங்காங் ஸ்டேஷன் வரைக்கும் இருந்த நம்பிக்கை ஹவ்காங் தாண்டும்போது போய்விட்டது.

"சரி, வேற கேக்கிறேன். உன்கூட ஷிஃப்ட் மாத்தி டாக்ஸி ஓட்டினாரே பாலகிருஷ்ணன், அவர் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பாரா?"

"வைப்பாரா? நல்லா கேட்டீங்க. ஒரு வருஷம் கட்டணம் காட்டுற மீட்டர் மேலயே வெச்சுட்டார். டாலருக்குப் பின்னால சென்ட் எத்தனைன்னு தெரியவே இல்ல. ஒரு வாரம் பயணிங்ககிட்ட குனிஞ்சு பார்த்து வாயால சொன்னேன்."

"துடைச்சிருக்கலாமே?"

"சேச்சே. அவர் சாமிக்கு வெச்சது. நான் சர்ச்சுக்குப் போறவன், நான் போய்த் துடைச்சா நல்லாவா இருக்கும்? அதுவா உதிர்ந்து போற வரைக்கும் கையே வைக்கல."

சொல்லி முடித்துவிட்டுக் கையிலிருந்த படத்தை மறுபடி பார்த்தான். வாயைத் திறந்தான். ரயில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, கதவும் திறந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் பதினேழு படியையும் ஏறினார்கள். இந்தத் தடவை அற்புதராஜ் எங்கும் நிற்கவில்லை. டெரன்ஸ் ஏற்கனவே வந்திருந்தார். நாற்பது வயது, டை, கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மேசை மேல் அந்தக் கடிதம். அதன் மேல் மூடி திறந்த பேனா. அமலா அதே ஸ்டூலில், அதே மீட்டரோடு இருந்தாள்.

"மேடம், சீக்கிரம் முடிச்சிடலாம் லா. எனக்குப் பார்க்கிங் அஞ்சரை வரைக்கும்தான்" என்றார் டெரன்ஸ்.

"அஞ்சு நிமிஷம் போதும்." சம்சுன்னிசா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பெட்டியில டிவி இல்ல, பெத்லகேம் இருக்கு ரகுபதி சார். போட்டோ அப்புறம் காட்டறேன். இப்ப எனக்கு வேற ஒரு வருத்தம். பிரிண்டருக்குப் பொட்டு இருக்கு, கெட்டிலுக்குப் பொட்டு இருக்கு. பாவம், இந்த ரூம்ல இந்த டிவிக்கு மட்டும் இல்லையே. மறந்துட்டீங்களா?"

ரகுபதிக்குச் சுருக்கென்றது. "நான் ஏன் மறக்கிறேன்? அதுக்கும் வெச்சேன். யாரோ அழிச்சிருக்காங்க." அவர் பார்வை நேராக அமலாவிடம் போயிற்று.

"திரும்ப ஒண்ணு வைங்க சார். அன்னிக்கு வெச்ச அதே இடத்துல. கடைசியா ஒரு தடவை அளக்கப் போறோம், நல்லபடியா நடக்கட்டும்."

ஒரு முஸ்லிம் அம்மா பொட்டு வைக்கச் சொல்லிக் கேட்கிறாரே என்று ரகுபதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாமி படத்துக்குக் கீழே இருந்த கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சந்தனம் குழைத்தார். டிவியின் மேல் விளிம்பு கத்தி முனை மாதிரி மெல்லியது, அங்கே பொட்டு நிற்காது. அவர் குனிந்து, கீழ் விளிம்பில் நடுவாக இருந்த சின்னப் புடைப்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். வட்டமாக, தாராளமாக. நடுவில் குங்குமம்.

அற்புதராஜ் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"அமலா, வியாழக்கிழமை செஞ்ச மாதிரியே அள" என்றார் சம்சுன்னிசா.

சாதாரணப் படம். முந்நூற்று இருபது. டெரன்ஸ் கொட்டாவி விட்டார். அமலா எச்டிஆருக்கு மாற்றினாள். வெள்ளைக் கட்டம் பளீரென்று வந்தது, பிறகு ஏதோ தூக்கம் வந்ததுபோல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. எண்கள் இறங்கின. ஆயிரத்து நூறு. எண்ணூறு. அறுநூற்று எழுபது. கடைசியில் ஓர் இடத்தில் நின்றன.

"அறுநூத்திப் பன்னிரண்டு" என்றாள் அமலா.

"ரெண்டு நிட்ஸ் கூட இருக்கு. சாரோட கட்டைவிரல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்" என்றான் அற்புதராஜ்.

கார் சாவி சுழல்வது நின்றது. சம்சுன்னிசா, புடைப்புக்குள் இருக்கும் கண்ணையும், எச்டிஆர் வந்ததும் அது தானாக விழித்துக்கொள்ளும் குசும்பையும் நாலே வாக்கியத்தில் சொன்னார். அமலா ரிமோட்டை எடுத்து எச்டிஆரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கண் ஆன் என்றே இருந்தது.

"நான் சாதாரணப் படத்தோட பக்கத்துல மட்டும்தான் ஆஃப் பண்ணேன்" என்றாள். "இந்தப் பக்கத்தைப் பார்க்கல. அது என் தப்புதான் மேடம்."

"உன் தப்பு கால் பங்கு. அதை ஒத்துக்கிட்டதுல அதுவும் கழிஞ்சு போச்சு. ப்ரூஃப் கேட்டீங்களே ரகுபதி சார், டிவியோட வெளிச்சத்தைக் குறைச்சது யாருன்னு. உங்க வலது கை கட்டைவிரல்."

ரகுபதி தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது மஞ்சளாக, ஈரமாக, ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

"ஆனா டெஸ்ட்டுக்கு முன்னாடி டிவியைத் துடைக்கிறது ரூல் ஆச்சே" என்றார் அவர், தப்பிக்க ஒரு கிளை தேடி. "நீ எப்பவும் மூலை முடுக்கெல்லாம் துடைப்பியே அமலா. இதை ஏன் விட்டே?"

அமலா ரிமோட்டை மேசையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் துடைச்சேன் சார். துணி அது கிட்ட வந்ததும் நின்னுடுச்சு. நீங்க கண்ணை மூடி, சாமி கும்பிட்டு வெச்ச பொட்டு. நான் வேற கோயிலுக்குப் போறவ. அதை அழிக்கிற கை என் கையா இருக்க வேணாம்னு நெனச்சேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்குக் கீழ கண் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

அற்புதராஜ் மறுபடி கெட்டிலைத் தட்டிக் கொடுத்தான். ரகுபதி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அதைத் துடைச்சது யாரு?" என்றார் டெரன்ஸ், நிலைமையைச் சமாளிக்க.

"அதை நான் உங்களைக் கேக்கணும்" என்றார் சம்சுன்னிசா. "நேத்து உங்ககூட வந்த டெக்னீஷியன் பேரு என்ன?"

"லிம்."

"ரகுபதி சாருக்கு அது சாமி. அமலாவுக்கு அது அடுத்தவங்க சாமி. எனக்கும் அற்புதராஜுக்கும் அமலா ரிப்போர்ட் போட்டோவுல அது முதல்ல கண்ணுலயே படல, அவ்வளவு பழகிப் போச்சு. லிம்முக்கு மட்டும்தான் அது கறை. பாவம், நல்ல பையன், வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கான்."

டெரன்ஸ் ஒருமுறை இருமினார். டையைச் சரி செய்துகொண்டார். "சரி, அப்ப எங்க டிவி நல்ல டிவிதானே? ஆயிரத்து நானூத்தி எண்பதுன்னு எழுதிடலாம் இல்ல?"

எல்லோரும் ரகுபதியைப் பார்த்தார்கள். ரகுபதி அமலாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. அளக்கிறது நீதானே."

அமலா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "ரெண்டு நம்பரும் எழுதுவேன் சார். கண்ணை மறைக்காதப்ப ஆயிரத்து நானூத்தி எண்பது. ஒரு பக்கத்துல ஆஃப் பண்ணாலும் இன்னொரு பக்கத்துல தானா ஆன்லயே இருக்குதுன்னும் எழுதுவேன். வீட்டுல யாராவது அது முன்னால ஒரு பூச்சாடி வெச்சா அறுநூத்திப் பத்துதான் கிடைக்கும். வாங்கறவங்களுக்கு அது தெரியணும்."

டெரன்ஸ் ரகுபதியிடம் திரும்பினார். "அங்கிள், யோசிச்சுக்கங்க. அடுத்த மாசம் எட்டு டிவி வருது."

ரகுபதி உண்மையாகவே யோசித்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. பாதி வேலை போய்விடும் என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

"எட்டையும் அனுப்புங்க டெரன்ஸ்" என்றார் கடைசியில். "அமலாதான் அளப்பா. பொட்டு மட்டும் நான் அவகிட்ட கேட்டுட்டு வைக்கிறேன்."

டெரன்ஸ் பார்க்கிங் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார். அனுப்புவார் என்று அற்புதராஜுக்குத் தோன்றியது. இந்த ஊரில் சந்தனத்துக்குக்கூட மசியாத லேப் வேறு எங்கே கிடைக்கும்?

அமலா டிவியின் அருகே நின்றாள். பொட்டு இன்னும் ஈரமாகப் புடைப்பின் மேல் இருந்தது. ரகுபதி துணியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அற்புதராஜிடம் நீட்டினார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சம்சுன்னிசா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஆளுங்கய்யா எல்லாரும்" என்று சொல்லிவிட்டு ரகுபதியே குனிந்து, ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டு, தான் வைத்த பொட்டைத் தானே துடைத்தார். திரை நிமிர்ந்து எழுந்து அறை முழுக்க வெளிச்சம் பாய்ச்சியது.

கட்டைவிரலில் இன்னும் சந்தனம் இருந்தது. அதைத் துடைக்க மேசை மேல் கைக்கு வந்த தாளை எடுத்தார், விரலை அழுத்தித் தேய்த்தார், கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அமலாவின் பாஸை ரத்து செய்யும் அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்து விழவே இல்லை. கட்டைவிரல் ரேகை மட்டும்தான் விழுந்தது.